வாழ்க்கைப் பயிற்சியாளரிடம் போகலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கல்யாணி, திருப்பூர்

அனைவருக்கும் வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் 17 ஆண்டுகள் மெர்ச்சண்டைசராக வேலை செய்தவள். சாம்பிள் தைத்து அனுப்பி, ஆடை வாங்கும் பையரின் ஒப்புதலைப் பெறுவது, சாயப்பட்டறையிலிருந்து துணி வந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டே இருப்பது, ஷிப்மென்ட் தேதி தவறாமல் பெட்டிகளைத் தூத்துக்குடிக்கு ஏற்றிவிடுவது என்று நாள் முழுவதும் பிறருடைய அவசரத்துக்குப் பதில் சொல்கிற வேலை அது. எனக்குப் பிடித்தும் இருந்தது. மூன்றரை ஆண்டுகளுக்கு முன் மாமியார் பக்கவாதத்தில் படுத்தபோது, யாரும் வற்புறுத்தாமலே வேலையை விட்டேன். அவர் காலமாகி எட்டு மாதங்கள் ஆகின்றன. மகளும் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். இப்போது எனக்கு 44 வயது. காலை பத்து மணிக்கெல்லாம் வீட்டு வேலை முடிந்துவிடுகிறது; மீதிப் பகலை என்ன செய்வதென்று தெரியவில்லை.

பழைய வேலைக்கே திரும்பலாம். கொழுந்தனார் சொல்வதுபோல, வெளிநாட்டுப் பையர்களுக்காக ஆடை வாங்கித் தரும் பையிங் ஆபீஸ் ஒன்றைச் சிறிய அளவில் தொடங்கலாம். எதை எடுத்தாலும் இரண்டு நாள் யோசித்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறேன். முன்பெல்லாம் ஒரு ஆடைக்கு நூல் விலையிலிருந்து பெட்டி விலை வரை மனக்கணக்காகவே சொல்லிவிடுவேன். இப்போது மாதக் கடைசியில் பால் கணக்குப் பார்க்கவே தடுமாறுகிறேன். உடம்பும் எப்போதும் அசதியாக இருக்கிறது.

தோழி ஒருத்தி மூலம் ஒரு வாழ்க்கைப் பயிற்சியாளரின் அறிமுகம் கிடைத்தது. லைஃப் கோச் என்றுதான் தன்னைச் சொல்லிக்கொள்கிறார். முக்கால் மணி நேரம் கட்டணமின்றிப் பேசினார்; பேச்சு இதமாக இருந்தது. ஆறு மாதத்தில் 12 அமர்வுகள், மொத்தம் 54,000 ரூபாய், முழுத் தொகையையும் முன்னதாகவே செலுத்த வேண்டும் என்கிறார். இவர்கள் உண்மையில் செய்வது என்ன, மனநல ஆலோசகரிடம் போவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு, என் நிலையில் இருப்பவருக்கு இது பயன்படுமா என்பதை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

செல்வமணி, ஈரோடு

அம்மா, முழுத் தொகையையும் முன்னதாகக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

கடையில் நட்டம் வந்து மனம் சோர்ந்திருந்த காலத்தில், வாழ்க்கையை மாற்றித் தருவதாகச் சொன்ன ஒருவருடைய இரண்டு நாள் முகாமுக்குப் போனேன். நுழைவுக் கட்டணம் குறைவுதான். ஆனால் இரண்டாம் நாள் மாலை விளக்கைக் குறைத்து, இசையை ஒலிக்கவிட்டு, எல்லோரையும் கண்மூடி அழ வைத்த பிறகு, அடுத்த ஓராண்டுத் திட்டத்தில் அன்றிரவே சேர்ந்தால் பாதிக் கட்டணம் என்று அறிவித்தார்கள். கண்ணீர் காய்வதற்குள் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். கடன் வாங்கித்தான் கட்டினேன். பிறகு எனக்குக் கிடைத்தவை வாரத்துக்கு ஒரு காணொளியும், 300 பேர் கொண்ட ஒரு வாட்ஸ்அப் குழுவும்தான். அந்த ஓராண்டில் ஒருவர்கூட என்னிடம் தனியாக, உங்கள் கடையில் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, எனக்கு நம்பிக்கை போதவில்லை என்று பதில் வந்தது. நட்டத்தைவிட அந்தப் பதில்தான் என்னை அதிகம் வருத்தியது.

ரவிச்சந்திரன், திருச்சி

சகோதரி கல்யாணி அவர்களுக்கு, செல்வமணி அவர்களின் எச்சரிக்கையை முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு பயிற்சியாளரால் பயன் பெற்றவன் என்ற முறையில் என் அனுபவத்தையும் சொல்ல வேண்டும்.

பி.எஸ்.என்.எல். விருப்ப ஓய்வுத் திட்டத்தில் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,000-க்கும் மேற்பட்டோர் ஓய்வு பெற்றோம். அப்போது எனக்கு 54 வயது. முடிவு நானே எடுத்தது. யார் மீதும் குறையில்லை. ஆனால் 30 ஆண்டுகள் கேபிளும் எக்ஸ்சேஞ்சுமாக வாழ்ந்தவனுக்கு, பிப்ரவரி முதல் வாரத்தில் காலை ஒன்பதரை மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபோதுதான் போக இடமில்லை என்பது உறைத்தது. அடுத்த மாதமே ஊரடங்கு வந்தது. எல்லோருமே வீட்டில் இருந்ததால் என் நிலை எனக்கே மறைந்திருந்தது. ஊரடங்கு தளர்ந்து மற்றவர்கள் வேலைக்குத் திரும்பிய பிறகுதான், நான் மட்டும் அதே நாற்காலியில் இருப்பதை என் மனைவி சுட்டிக்காட்டினார். பெங்களூரில் இருக்கும் மருமகன்தான் தனக்குத் தெரிந்த பயிற்சியாளரிடம் பேசச் சொன்னார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் என்று மொத்தம் எட்டு அமர்வுகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத்தான் பணம் கொடுத்தேன்.

முதல் அமர்வில் ஏறக்குறைய 40 நிமிடம் நானே பேசினேன். துறை எப்படி இருந்தது, எப்படி மாறியது, யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் வந்தது. அவர் இடைமறிக்கவே இல்லை. முடிவில், "இந்த ஓராண்டில் நீங்களாக எடுத்த முடிவு ஒன்றைச் சொல்லுங்கள், எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சரி" என்றார். நெடுநேரம் யோசித்தும் என்னால் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை. காய்கறி வாங்குவதுகூட மனைவி எழுதிக் கொடுத்த சீட்டின்படிதான். அடுத்த அமர்வுக்குள் அப்படி மூன்று முடிவுகளை எடுத்து நோட்டில் எழுதி வரச் சொன்னார். குழந்தைக்குக் கொடுக்கிற வீட்டுப்பாடம்போல இருந்தது. சற்றுக் கோபமும் வந்தது. ஆனால் எழுதினேன்.

அவர் எனக்கு எந்த வழியும் காட்டவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நான்காவது அமர்வில், என் பேச்சில் அலுவலகம் என்ற சொல் குறைந்து ஜாயிண்ட் என்ற சொல் அடிக்கடி வருவதாகச் சொன்னார். அது உண்மை. ஃபைபர் ஜாயிண்ட் போடுவதுதான் எனக்குக் கைவந்த வேலை. கண்ணாடி இழையின் முனையை ஆல்கஹாலில் துடைத்து, கிளீவரில் செங்குத்தாக வெட்டி, ஸ்ப்ளைசிங் மெஷினில் வைத்து உருக்கி ஒட்ட வேண்டும். வெட்டு கோணலாக இருந்தால் ஒளி அங்கேயே கசிந்துவிடும். இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் குரல் மாறியதாக அவர் குறிப்பிட்டார். வீட்டு இணைய இணைப்புக் கொடுக்கும் பையன்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஜாயிண்டைச் சரியாகப் போடக் கற்றவர்கள் குறைவு. இப்போது சனி, ஞாயிறுகளில் ஒரு கேபிள் ஆபரேட்டரின் மாடியில் ஆறேழு பேருக்கு அதைக் கற்றுக்கொடுக்கிறேன். வருமானம் பெரிதில்லை. ஆனால் போக ஓர் இடம் இருக்கிறது, காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

எட்டாவது அமர்வில் அவரே, இனி நான் உங்களுக்குத் தேவைப்படவில்லை என்று முடித்துக்கொண்டார். அவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை ஏற்பட்டது அன்றுதான்.

மீனாட்சி, மதுரை

நான் மருத்துவ உளவியலாளர். இரண்டு கருத்துகளும் பயனுள்ளவை. ஆனால் கல்யாணி அவர்களின் பதிவில் உள்ள சில வரிகளை யாரும் கவனிக்காமல் கடந்துவிட்டதாகத் தோன்றுவதால் எழுதுகிறேன்.

அவர் கேட்ட வேறுபாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய உரிய படிப்பும், 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவும் வேண்டும். எங்கள் பதிவு எண்ணை நீங்கள் கேட்டுச் சரிபார்க்கலாம். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதும் உரிமை அவருக்கு உண்டு. வாழ்க்கைப் பயிற்சியாளர் என்ற பெயர்ப் பலகைக்கு இந்தியாவில் இப்படிப்பட்ட சட்டத் தகுதி எதுவும் விதிக்கப்படவில்லை. பத்தாண்டு முறையாகப் பயின்றவரும் போட்டுக்கொள்ளலாம். நேற்று ஒரு காணொளியைப் பார்த்தவரும் போட்டுக்கொள்ளலாம். அதனால் எல்லாப் பயிற்சியாளர்களும் தகுதியற்றவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆராய்ந்து பார்க்கும் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் விழுகிறது என்றுதான் சொல்கிறேன்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. எப்போதும் அசதி, எதையும் முடிவு செய்ய முடியாமை, முன்பு எளிதாக வந்த கணக்கில் தடுமாற்றம் ஆகியவற்றை வாழ்க்கையில் திசை தெரியாததன் அடையாளங்கள் என்று நீங்களாகவே தீர்மானித்துவிட்டீர்கள். அவை தைராய்டு குறைவால் வரலாம், இரத்தசோகையால் வரலாம், மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் ஏற்படும் ஹார்மோன் மாற்றங்களாலும் வரலாம். உங்கள் வயதில் இவை மூன்றுமே அரிதல்ல. மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். இரண்டு வாரங்களுக்கு மேல், பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி மனம் கனத்திருக்கிறதா, முன்பு பிடித்தவை இப்போது பிடிக்காமல் போய்விட்டனவா, தூக்கமும் பசியும் மாறியிருக்கின்றனவா, நான் எதற்கும் உதவாதவள் என்ற நினைப்பு வருகிறதா என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நோய் இருக்கும்போது இலக்கு நிர்ணயிப்பதும் நோட்டில் எழுதுவதும் தீங்காகவே முடியலாம். எழுத முடியாத ஒவ்வொரு நாளும், தன்னால் இதுகூட முடியவில்லை என்ற குற்ற உணர்வைத்தான் கூட்டும்.

மாமியாரை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் உடனிருந்து கவனித்திருக்கிறீர்கள். அவர் போனதும், துக்கத்தோடு உங்கள் அன்றாடத்தின் முழு அமைப்பும் ஒரே நாளில் போய்விட்டது. மருந்து வேளை, திருப்பிப் படுக்கவைக்கும் வேளை, கஞ்சி கொடுக்கும் வேளை என்று இருந்த வீட்டில் திடீரென்று வேளைகளே இல்லாமல் போகின்றன. நீண்ட காலம் நோயாளியைக் கவனித்தவர்கள் பலர் இந்த வெறுமையோடு, இனி விடுதலை என்று ஒரு கணம் நினைத்துவிட்டதற்கான குற்ற உணர்வையும் சுமந்துகொண்டு என்னிடம் வருகிறார்கள். அதைப் பேசித் தீர்க்கவும் ஓர் இடம் வேண்டும்.

இரவு நேரத்தில் மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசுச் சேவை இது. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

கல்யாணி, திருப்பூர்

மீனாட்சி அம்மா, நீங்கள் எழுதிய கடைசிப் பகுதியை இரண்டு முறை படித்தேன். மாமியார் இறந்த அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நாளை இரத்தப் பரிசோதனைக்குப் போகிறேன். பயிற்சியாளரிடம் இன்னும் பணம் கட்டவில்லை.

அருள்மொழி, சென்னை

நான் ஒன்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கும் பயிற்சியாளர். மீனாட்சி அவர்கள் சொன்னதில் எனக்கு மறுப்பு எதுவுமில்லை. முதல் உரையாடலிலேயே இப்படிப்பட்ட அறிகுறிகளைக் கேட்டு, தேவையானவர்களை மருத்துவரிடம் அனுப்புவது எங்கள் கடமை. அனுப்பத் தெரியாதவர் இந்தத் தொழிலுக்கே வரக்கூடாது.

இந்தத் துறையின் வேர் விளையாட்டுத் திடலில் இருக்கிறது. 1970-களில் அமெரிக்க டென்னிஸ் பயிற்சியாளர் டிமத்தி கால்வே, ஆட்டக்காரரிடம் மட்டையை இப்படிப் பிடி, காலை அப்படி வை என்று சொல்லச் சொல்ல ஆட்டம் கெடுவதையும், பந்து எங்கே குதிக்கிறது என்று மட்டும் பார்க்கச் சொன்னால் ஆட்டம் தானாகவே திருந்துவதையும் கண்டார். கார் பந்தய வீரராக இருந்த ஜான் விட்மோர் உள்ளிட்டோர் அதைப் பிரிட்டனில் அலுவலகங்களுக்குக் கொண்டுபோனார்கள். என்ன வேண்டும், இப்போது எங்கே இருக்கிறீர்கள், என்னென்ன வழிகள் உண்டு, எதைச் செய்யப்போகிறீர்கள் என்ற நான்கு கேள்விகளின் வரிசை அங்கே உருவானதுதான். வாழ்க்கைப் பயிற்சி தனித்தொழிலாக வளர்ந்ததில், நிதி ஆலோசகராக இருந்த தாமஸ் லியோனார்டுக்குப் பெரும் பங்கு உண்டு. ஐ.சி.எஃப். என்ற பன்னாட்டுப் பயிற்சியாளர் கூட்டமைப்பை அவர் 1995-இல் தொடங்கினார்.

அந்த அமைப்பு மூன்று நிலைகளில் சான்றளிக்கிறது: ஏ.சி.சி. பெறக் குறைந்தது 100 மணி நேரம், பி.சி.சி. பெற 500 மணி நேரம், எம்.சி.சி. பெற 2,500 மணி நேரம் பயிற்சி அளித்த அனுபவம் வேண்டும். வகுப்பில் படித்த நேரம் இதற்குள் வராது. இது சட்டம் தரும் தகுதியன்று. ஒரு தொழில் அமைப்பு தரும் சான்று மட்டுமே. ஆனாலும் ஒருவர் எவ்வளவு உழைத்திருக்கிறார் என்பதை அது காட்டும். உங்களிடம் பேசியவரிடம் எந்த நிலை, எங்கே பயின்றார் என்று தயங்காமல் கேளுங்கள். கேள்வியைத் தொழிலாகக் கொண்டவர் கேள்விக்குக் கோபப்பட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் தருகிறாரா, பாதியில் நிறுத்தினால் மீதிப் பணம் வருமா, நீங்கள் பேசுவது வெளியே போகாது என்ற உறுதி இருக்கிறதா என்றும் பாருங்கள். 12 அமர்வுகளை ஒரே மூச்சில் விற்பவரிடம், முதலில் மூன்று மட்டும் போதும் என்று சொல்லிப் பாருங்கள்.

செல்வமணி, ஈரோடு

அருள்மொழி அவர்களிடம் மனத்தில் பட்டதை நேராகவே கேட்கிறேன். வழியும் காட்டமாட்டீர்கள், அறிவுரையும் சொல்லமாட்டீர்கள், கேள்வி மட்டும் கேட்பீர்கள் என்றால், அதற்கு எதற்கு இவ்வளவு பணம்? எங்கள் தெருவில் இருந்த ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்தபடி இதைத்தான் செய்தார். தவறு செய்தால் இடித்துரைப்பார்; சொன்னதைச் செய்யவில்லை என்றால் மறுநாள் வழிமறித்துக் கேட்பார்.

பாத்திமா, நாகர்கோவில்

செல்வமணி அண்ணன் கேட்டதற்கு, ஒரு பயிற்சியாளரிடம் பணம் கொடுத்துப் பேசியவள் என்ற முறையில் பதில் சொல்ல முயல்கிறேன். உங்கள் தெருப் பெரியவர் உங்களை நேசித்தார். அதே நேரம் நீங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு விருப்பமும் இருந்தது. எனக்கும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். விவாகரத்துக்குப் பிறகு உம்மாவுக்கு நான் தன்னோடு தங்க வேண்டும். அண்ணனுக்கு நான் மறுமணம் செய்ய வேண்டும். அலுவலகத் தோழிகளுக்கு நான் யாரையும் நம்பாமல் தனியாக வாழ்ந்து காட்ட வேண்டும். எல்லாமே அன்புதான். ஆனால் என் வாழ்க்கை இன்ன திசையில் போனால் தனக்கு நல்லது என்று எண்ணாத ஒரே ஒருவரோடு பேச வேண்டும் என்று தவித்தேன். அதற்குத்தான் பணம் கொடுத்தேன்.

என் பயிற்சியாளர் இரண்டாவது அமர்வில் கேட்ட கேள்வி, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்பது. உடனே பதில் சொன்னேன்: மகன் நன்றாகப் படிக்க வேண்டும், உம்மாவின் மூட்டுவலி குறைய வேண்டும், வீட்டுக்கடன் முடிய வேண்டும். அவர் பொறுமையாக, "இவை உங்கள் வீட்டாருக்கு வேண்டியவை. உங்களுக்கு?" என்றார். 38 வயதுவரை அந்தக் கேள்விக்கு எனக்குப் பயிற்சியே இருந்திருக்கவில்லை. வாய் அடைத்துப்போனது. அடுத்து வந்தது கோபம். இது வெளிநாட்டுக்காரர்களின் கேள்வி, குடும்பமாக வாழ்பவர்களிடம் இப்படிக் கேட்பதே பிழை என்று வாதாடினேன். இன்றும் அந்த வாதத்தில் பாதி உண்மை இருப்பதாகத்தான் நினைக்கிறேன். வீட்டைக் கழித்துவிட்டு மிச்சமிருப்பதுதான் நான் என்று யாராவது சொன்னால் ஏற்கமாட்டேன். ஆனால் வீட்டுக்கு வேண்டியதைச் சொல்ல எனக்கு அரை நொடி போதுமாக இருந்தது. எனக்கு வேண்டியதைச் சொல்ல ஐந்து வாரங்கள் ஆயின. அந்த இடைவெளி சரியில்லை என்பது மட்டும் அன்றே புரிந்தது.

ஐந்து வாரங்களுக்குப் பின் நான் சொன்ன பதில் மிகச் சிறியது. எனக்கு ஓர் அறை வேண்டும். மகன் படிக்கும் அறையின் மூலையிலோ, உம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்திலோ உட்கார வேண்டாத, கதவுள்ள ஓர் அறை. மாடியில் கட்டினோம். மறுமணமா, தனி வாழ்வா என்ற பெரிய கேள்வியை அந்த அறையில் உட்கார்ந்துதான் என்னால் யோசிக்கவே முடிந்தது.

செல்வமணி, ஈரோடு

பாத்திமா, நீங்கள் சொன்னதை நான் அந்தக் கோணத்தில் நினைத்துப் பார்த்ததில்லை. எங்கள் பெரியவர் நான் கடையை விடுவதற்கு ஒருபோதும் சம்மதித்திருக்கமாட்டார் என்பது இப்போது தோன்றுகிறது. ஆனால் விட்டிருக்கத்தான் வேண்டும்.

கல்யாணி, திருப்பூர்

ஏழு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

தைராய்டு குறைவு இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை சாப்பிடுகிறேன். அசதி கொஞ்சம் குறைந்திருக்கிறது. அடுத்த பரிசோதனை இந்த மாதக் கடைசியில். மருத்துவர் மனச்சோர்வுக்கான கேள்விகளையும் கேட்டார். இப்போதைக்கு நோய் என்று சொல்லும் அளவில் இல்லை, ஆனால் கவனத்தில் வைத்திருப்போம் என்றார். கோவையில் ஒரு மனநல ஆலோசகரிடம் இரண்டு முறை போய், மாமியாரைப் பற்றி மட்டும் பேசினேன்.

பிறகுதான் பயிற்சியாளரை அழைத்தேன். முதல் ஆளிடம் மூன்று அமர்வு மட்டும் வேண்டும் என்றபோது, அரைமனத்தோடு வருபவர்களை ஏற்பதில்லை என்றார். நன்றி சொல்லி விலகிக்கொண்டேன். வேறொருவர் கிடைத்தார். ஒரு பக்க ஒப்பந்தத்தை மின்னஞ்சலில் அனுப்பிய பிறகே பேசத் தொடங்கினார். இரண்டு அமர்வுகள் முடிந்திருக்கின்றன.

இரண்டாவது அமர்வில் பையிங் ஆபீஸ் பற்றிப் பத்து நிமிடம் விவரமாகச் சொன்னேன். வாடகை எவ்வளவு, எத்தனை ஆட்கள், எந்த நாட்டுப் பையர்கள் என்பதெல்லாம் தயாராக இருந்தது. கேட்டுவிட்டு, "இதில் எந்த வரி உங்களுடையது?" என்றார். யோசித்தால், அத்தனையும் கொழுந்தனார் சொன்னவை. என்னுடைய வரி என்று ஒன்றுதான் இருந்தது: சாம்பிள் அறையில் புது மாதிரியைத் தைத்து முதன்முதலாகப் பொம்மைக்கு உடுத்தும்போது, கழுத்துச் சுற்றளவு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தள்ளி நின்று பார்ப்பேனே, அது எனக்கு வேண்டும்.

பழைய நிறுவனத்தில் சாம்பிள் பிரிவை மட்டும் பார்த்துக்கொள்ள, வாரத்துக்கு மூன்று நாள் வர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மூன்றாவது அமர்வு. அதற்குள் கொழுந்தனாரிடம் நானே பேசிவிடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதைத்தான் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

ரவிச்சந்திரன், திருச்சி

கணக்குப் போட்டுக் காட்டியதற்கு முதலில் அவருக்கு நன்றி சொல்லித் தொடங்குங்கள், சகோதரி. வாடகையும் ஆட்கூலியும் விசாரித்து வைத்திருக்கிறார் என்றால், உங்களுக்காக நான்கு இடம் அலைந்திருக்கிறார். சாம்பிள் அறையைப் பற்றி எங்களுக்கு எழுதினீர்களே, அதையே அவரிடமும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என்ன நடந்தது என்று எழுதுங்கள்.